ஊட்டம், ஓட்டம், உறக்கம்: சிங்கப்பூர்ப் பள்ளிகளில் உடல்நலம் பேணிய வரலாறு



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. ஆனால் தேர்வு நெருங்கியதும் அந்தச் சுவரை நாம் மறந்துவிடுகிறோம். திடல் விளையாட்டு நிறுத்தப்படுகிறது. உறங்கும் நேரம் தள்ளிப்போகிறது. பிள்ளை படித்துக்கொண்டே சாப்பிடுகிறது. சித்திரத்தின் மேல் நமக்குள்ள ஆர்வத்தால் சுவர் கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளையின் உடல்நலம் மூன்று கால்களில் நிற்கும் முக்காலி போன்றது. ஊட்டம் ஒரு கால். ஓட்டம் இன்னொரு கால். உடற்பயிற்சி, விளையாட்டு அனைத்தையும் அச்சொல்லில் அடக்கிக்கொள்கிறேன். உறக்கம் மூன்றாம் கால். ஒரு கால் குட்டையானாலும் முக்காலி சாயும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இம்மூன்றையும் நாம் ஒரே காலத்தில் கவனிக்கவில்லை என்பது தெரியவரும். முதலில் ஊட்டத்தைக் கவனித்தோம். பின்னர் ஓட்டத்தில் முனைந்தோம். உறக்கத்தைப் பற்றி அண்மையில்தான் பேசத் தொடங்கியிருக்கிறோம். அந்த வரிசையையும் அதில் நாம் கற்க வேண்டிய பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

பசி ஆண்ட காலம்

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் இத்தீவு பட்ட துயரங்களுள் பசியும் ஒன்று. அரிசி கிடைப்பது அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே பல குடும்பங்களின் முதன்மை உணவாயிற்று. நம் மூத்தோர் "சப்பான்காரன் காலம்" என்று சொல்லும்போது கூடவே மரவள்ளிக்கிழங்கையும் நினைவுகூர்வது இதனால்தான். போர் முடிந்த பின்னும் பற்றாக்குறை உடனே நீங்கவில்லை. மெலிந்த உடலும் நோயுமாகப் பிள்ளைகள் இருந்தனர்.

1946ஆம் ஆண்டு சமூக நலத் துறை அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே "மக்கள் உணவகங்கள்" திறக்கப்பட்டு, குறைந்த விலையில் உணவு விற்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு, ஊட்டமின்றி வாடிய சிறுவர்களுக்கு இலவச உணவு வழங்கும் நிலையங்கள் தொடங்கின. அங்கே தொண்டூழியர்கள் பரிமாறினர். நாளடைவில் இத்திட்டத்திலிருந்து சிறுவர் சமூக நிலையங்கள் வளர்ந்தன. அந்நிலையங்களில் பணியாற்றிய தொண்டூழியர்களுள் ஒருவர் திருமதி கான்ஸ்டன்ஸ் கோ. பசித்த பிள்ளைகளையும் அவர்களின் தாய்மாரையும் அருகிலிருந்து பார்த்த அனுபவமே, 1949இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்ற அவர் உழைத்ததற்குத் தூண்டுதலாயிற்று.

அக்காலத்தில் நலமான பிள்ளை என்றால் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை என்றே பொருள். பசியைக் கண்ட பாட்டி, பேரப்பிள்ளையின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோற்றை வைப்பதில் நியாயம் இருந்தது. இந்த எண்ணம் பஞ்சம் போன பிறகும் நம் சமையலறையில் நெடுநாள் தங்கிவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1970களில் பள்ளிகளில் பொட்டலப் பால் கிடைத்தது. தொடக்கப்பள்ளி மாணவர்கள் கால்வாய் ஓரமாக வரிசையில் குந்தி, ஒரு கையில் குவளையும் மறுகையில் தூரிகையுமாகப் பல் துலக்கிய காட்சியை இன்றைய பாட்டி தாத்தாமார் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நல்ல பழக்கம் என்பது அறிவுரையால் மட்டும் வருவதன்று. நாள்தோறும், ஒரே நேரத்தில், எல்லாரும் சேர்ந்து செய்வதால் வருவது என்பதை அன்றைய பள்ளிகள் அறிந்திருந்தன. அந்த வரிசையில் ஏழைப்பிள்ளை, வசதியான பிள்ளை என்ற வேறுபாடு இருக்கவில்லை. அனைவரும் குந்தினர், அனைவரும் துலக்கினர்.

ஓட்டத்தின் காலம்

1965இல் நாடு விடுதலை பெற்றபின் பள்ளிகளின் நோக்கில் ஒரு மாற்றம் வந்தது. திரு லீ குவான் இயூ அக்காலத்து உரைகளில் உறுதிமிக்க சமுதாயம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1967இல் தேசிய சேவை நடப்புக்கு வந்தது. அதே ஆண்டில் உபின் தீவில் வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1973இல் சிங்கப்பூர் விளையாட்டு மன்றம் அமைந்தது. தேசிய விளையாட்டரங்கமும் அவ்வாண்டிலேயே திறக்கப்பட்டது. நாட்டைக் காக்க உடல் வலிமை வேண்டும் என்ற எண்ணம் உடற்கல்விப் பாடத்துக்குப் புதிய மதிப்பைத் தந்தது.

1982ஆம் ஆண்டு "நாஃபா" எனப்படும் தேசிய உடலுறுதி விருதுத் தேர்வு வந்தது. மல்லாந்து படுத்து எழுதல், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், அமர்ந்து முன்னோக்கிக் கைநீட்டுதல், கம்பியைப் பிடித்து உடலை உயர்த்துதல், பத்து மீட்டர் தொலைவில் முன்னும் பின்னும் விரைந்தோடுதல், நெடுந்தொலைவு ஓட்டம் என ஆறு அங்கங்கள் கொண்டது அத்தேர்வு. நெடுந்தொலைவு ஓட்டம் உயர்நிலை மாணவர்க்கு 2.4 கிலோமீட்டர், தொடக்கப்பள்ளி மாணவர்க்கு 1.6 கிலோமீட்டர். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று விருதுகளும் உண்டு. பல தலைமுறை மாணவர்களுக்கு உடற்பயிற்சி என்றாலே இந்தத் தேர்வுதான் நினைவுக்கு வரும்.

இத்தேர்வால் நன்மை விளைந்ததை மறுக்க இயலாது. ஓடவே விரும்பாத பிள்ளையும் ஆண்டுக்குச் சில மாதங்களாவது பயிற்சி செய்தது. எனினும் ஒரு குறை இருந்தது. தேர்வு முடிந்த மறுநாள் ஓட்டமும் நின்றுபோயிற்று. பல் துலக்குதல் பழக்கமானதுபோல் ஓட்டம் பழக்கமாகவில்லை. அது மதிப்பெண்ணாக மாறிவிட்டது.

எடைக்கு ஒரு திட்டம்

1980களின் இறுதிக்குள் பசியின் சுவடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. விரைவு உணவகங்களும் இனிப்புப் பானங்களும் பெருகின. பிள்ளைகளை அச்சுறுத்தியது இப்போது மெலிவு அன்று, மிகையெடை. 1992இல் அரசாங்கம் தேசிய அளவில் நல்வாழ்வுப் பழக்க இயக்கத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் பள்ளிகளில் "டிரிம் அண்ட் ஃபிட்" என்னும் திட்டம் வந்தது. சுருக்கமாக "டாஃப்" என்று அழைத்தனர்.

இத்திட்டத்தின்படி மாணவர்களின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. உயரத்துக்கு உரிய எடையை மீறியவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். பள்ளி தொடங்குமுன், இடைவேளையில், அல்லது பள்ளி முடிந்தபின் அவர்கள் ஓடினர், கயிறு தாண்டினர். சில பள்ளிகளில் உணவுக்கூடத்தில் எவ்வளவு கலோரி உணவு வாங்கலாம் என்பதைக் காட்டும் சீட்டுகளும் தரப்பட்டன. மிகையெடை மாணவர் விழுக்காட்டையும் உடலுறுதித் தேர்வின் முடிவுகளையும் கொண்டு பள்ளிகளுக்கு விருதுகள் வழங்கப்பட்டன. ஆகவே ஒரு பிள்ளையின் எடை, பள்ளியின் பெருமையோடும் கட்டுண்டது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் திட்டம் பலன் தந்தது. 1993இல் 11.7 விழுக்காடாக இருந்த மிகையெடை மாணவர் விகிதம் 2006இல் 9.5 விழுக்காடாகக் குறைந்தது. பல நாடுகளில் இவ்விகிதம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே இறங்கியது வெளிநாடுகளிலும் கவனிக்கப்பட்டது.

ஆனால் எண்களில் அடங்காத ஒரு கணக்கு இருந்தது. மற்றப் பிள்ளைகள் இடைவேளையில் நண்பர்களோடு அமர்ந்து உண்ணும்போது, சிலர் மட்டும் திடலைச் சுற்றி ஓடினர். ஏன் ஓடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். "டாஃப்" என்ற ஆங்கிலச் சுருக்கத்தின் எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் "குண்டு" என்று பொருள்படும் சொல் வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. கேலிக்கு ஆளான மாணவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின்னும் அந்த வடுவைப் பற்றிப் பேசியும் எழுதியும் வருகின்றனர். உணவையே வெறுக்கும் நோய்க்கு இத்தகைய அழுத்தம் வழிவகுக்குமோ என்னும் கேள்வியும் எழுந்தது. உடற்பயிற்சி ஒரு தண்டனை என்ற எண்ணம் சிறுவயதில் பதிந்துவிட்டால், அப்பிள்ளை நாற்பது வயதில் தானாக நடைப்பயிற்சிக்குப் போகுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2007இல் இத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் முழுமையான உடல்நலக் கட்டமைப்பு ஒன்று வந்தது. உடல், மனம், சமூக உறவு ஆகிய மூன்றையும் அது கருத்தில் கொண்டது. மிகையெடை மாணவர்களை மட்டும் குறிவைக்காமல் எல்லா மாணவர்களையும் அது உள்ளடக்கியது. 2011இல் பள்ளிகளில் ஆரோக்கிய உணவுத் திட்டம் தொடங்கி, உணவுக்கூடங்களில் முழுதானியம், காய்கறி, பழம் ஆகியவை தட்டில் இடம்பெற வழிசெய்தது. எண்ணெயில் பொரித்த உணவும் இனிப்புப் பானமும் கட்டுப்படுத்தப்பட்டன. ஒரு சிலருக்குச் சீட்டு கொடுப்பதை விட்டு எல்லாருடைய தட்டையும் திருத்துவது, கால்வாய் ஓரத்துப் பல் துலக்கும் வரிசையின் நெறிக்குத் திரும்பியது போன்றதே.

இங்கே ஒரு நேர்மையான கேள்விக்கு விடை காண வேண்டும். மிகையெடை மாணவர் விகிதம் 2013இல் 11 விழுக்காடு, 2017இல் 13 விழுக்காடு, 2021இல் 16 விழுக்காடு என ஏறியது. அப்படியானால் பழைய திட்டமே மேல் அல்லவா என்று கேட்போர் உண்டு. எடையை அளக்கும் முறை இடையில் மாறியிருப்பதால் பழைய எண்களையும் புதிய எண்களையும் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. இருந்தும் 2013க்குப் பின் ஏறுமுகம் என்பதில் ஐயமில்லை. 2021 பெருந்தொற்றுக் காலம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் இந்த ஏற்றத்துக்கு ஓட்டம் குறைந்தது மட்டுமே காரணமா? பிள்ளைகளின் நாள் எவ்வாறு மாறியிருக்கிறது என்பதைப் பார்த்தால், முக்காலியின் மூன்றாம் கால் நம் கண்ணில் படும்.

நாம் மறந்த மூன்றாம் கால்

நாஃபா தேர்வு வந்த அதே 1982இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அவ்வாண்டு சனவரி முதல் நாள் சிங்கப்பூரின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டது. தீபகற்ப மலேசியாவும் கிழக்கு மலேசியாவும் ஒரே நேரத்தைப் பின்பற்ற முடிவெடுத்தபோது, சிங்கப்பூரும் அதனோடு இணைந்தது. வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் அது வசதி. ஆனால் அதனால் இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழக் காலை ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது.

பள்ளிகள் காலை 7.30 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்பது கல்வி அமைச்சின் நெறி. பல பள்ளிகள் 7.30 மணிக்கே தொடங்குகின்றன. அப்படியெனில் பிள்ளை இருட்டிலேயே எழ வேண்டும். முற்காலத்தில் பல தொடக்கப்பள்ளிகள் காலை, பிற்பகல் என இருவேளையாக இயங்கின. பிற்பகல் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் காலையில் சற்று உறங்கினர். தொடக்கப்பள்ளிகள் அனைத்தும் ஒருவேளைப் பள்ளியாக வேண்டும் என்று 2009இல் பரிந்துரைக்கப்பட்டு, 2016ஐ இலக்காகக் கொண்டு அம்மாற்றம் நடந்தேறியது. கலைக்கும் விளையாட்டுக்கும் பிற்பகலில் நேரம் கிடைத்தது பெரும் நன்மை. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் விடியுமுன் எழும் பிள்ளைகளாயினர்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேர உறக்கமும், 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பத்து வயதுப் பிள்ளை காலை 5.45க்கு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்த அளவான 9 மணி நேரம் உறங்க வேண்டுமானால் இரவு 8.45க்குள் கண்ணயர வேண்டும். துணைப்பாட வகுப்பு எட்டு மணிக்கு முடிந்து, வீடு திரும்பி, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்து, பையை அடுக்கிவைக்கும் பிள்ளைக்கு இது எப்படி இயலும்? கைப்பேசியை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

குறைந்த உறக்கத்தின் விளைவை முதல் பாடவேளையில் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அறிவர். தலை சாய்கிறது, கண் புத்தகத்தில் இருந்தாலும் கருத்து அதில் இல்லை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பிகளும் தடுமாறுகின்றன. இனிப்பின் மேல் நாட்டம் கூடுகிறது. களைத்த உடல் விளையாட மறுக்கிறது. இவ்வாறு மூன்றாம் கால் குட்டையானால் மற்ற இரு கால்களும் ஆட்டம் காண்கின்றன. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவதும் உறக்கத்தில்தான். எனவே உறக்கத்தைக் குறைத்துப் படிப்பைக் கூட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதைப் போன்றது.

இந்நிலையை மாற்ற முடியும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. 2016ஆம் ஆண்டு நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தன் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதன் விளைவை அளந்தனர். ஒரு மாதத்துக்குப் பின் மாணவியர் பள்ளிநாள் இரவுகளில் படுக்கையில் கழித்த நேரம் சுமார் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின் உறக்க நேரம் சுமார் 10 நிமிடம் கூடியிருந்தது. பகல்நேரத் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநலமும் மேம்பட்டது. அதே வேளையில், 45 நிமிடம் தந்தும் அதில் ஒரு பகுதிதான் உறக்கமாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். மணியடிக்கும் நேரத்தைப் பள்ளி மாற்றலாம். விளக்கை அணைக்கும் நேரம் வீட்டின் கையில் இருக்கிறது.

அரசாங்கமும் சுமையைக் குறைக்க முயன்று வருகிறது. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு ஆகியவற்றில் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகள் இல்லை. 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி அனைத்திலும் அரையாண்டுத் தேர்வு நீக்கப்பட்டது. 2025 சனவரியில் தொடங்கிய "குரோ வெல் எஸ்ஜி" இயக்கம், உணவு, உறக்கம், கற்றல், குடும்ப உறவு ஆகியவற்றைச் சேர்த்தே பேசுகிறது. ஆனால் நீக்கப்பட்ட தேர்வின் இடத்தை இன்னொரு துணைப்பாட வகுப்பு பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு என்ன பயன்?

நம் குடும்பங்களுக்கு ஏன் இது அவசரம்?

2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களிடையே நீரிழிவு இந்தியர்களில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காடு, சீனர்களில் 9.7 விழுக்காடு என்று கண்டறியப்பட்டது. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது. இந்நோய்க்கு மரபுவழிக் காரணம் உண்டு என்பதால்தான், மாற்றக்கூடிய பழக்கங்களை நாம் இன்னும் கருத்தாகப் பேண வேண்டும்.

திருவள்ளுவர் மருந்துக்கென வகுத்த தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தில் மூலிகைப் பெயர் ஒன்றும் இல்லை. மிகுதியும் குறைவும் இரண்டுமே நோய்க்கு வித்து என்பதில் தொடங்கி, பெரும்பாலும் அளவறிந்து உண்பதையே அவர் பேசுகிறார். 1947இன் குறைவையும் 1992இன் மிகுதியையும் ஒரே தீவில் ஐம்பது ஆண்டுக்குள் கண்ட நமக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

வரலாறு காட்டும் பாடத்திலிருந்து ஆசிரியரும் பெற்றோரும் மேற்கொள்ளக்கூடியவை சில:

1. பிள்ளையின் எடையைப் பிறர் முன்னிலையில் பேசாதிருப்போம். "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்னும் செல்லப் பெயர்களை உறவினர் சொன்னாலும் பணிவோடு தடுப்போம்.

2. உடற்பயிற்சியைத் தண்டனையாகத் தர வேண்டா. வீட்டுப்பாடம் செய்யாததற்காக விளையாட்டை நிறுத்தவும் வேண்டா. வளரும் பிள்ளைக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். அம்மா அப்பாவோடு நடந்து சந்தைக்குப் போவதும், கீழ்த்தளத்தில் பந்து விளையாடுவதும் அதில் அடங்கும்.

3. புதிய பழக்கத்தைக் குடும்பம் முழுவதும் மேற்கொள்வோம். பிள்ளைக்கு மட்டும் காய்கறி, மற்றவர்க்குப் பொரித்த கோழி என்றால் அது இன்னொரு "டாஃப்" திட்டமே.

4. துணைப்பாட வகுப்பில் சேர்க்குமுன் அது முடியும் நேரத்தைக் கேட்போம். எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி உறங்கும் நேரத்தைக் குறித்துவிட்டு, மீதி நேரத்தில் மற்றவற்றை அடுக்குவோம்.

5. ஆசிரியர்களாகிய நாம், ஒரே நாளில் எல்லாப் பாடத்துக்கும் வீட்டுப்பாடம் குவியாதபடி சக ஆசிரியர்களோடு கலந்து பேசுவோம்.

6. படுக்கையறைக்குள் கைப்பேசி வேண்டா. பெற்றோரின் கைப்பேசியும் கூடத்திலேயே உறங்கட்டும்.

பசித்த பிள்ளைக்குச் சோறிட அன்று தொண்டூழியர்கள் திரண்டனர். மெலிந்த நாட்டுக்கு வலிமை சேர்க்க அடுத்த தலைமுறை ஓடியது. களைத்த பிள்ளையை நேரத்தோடு உறங்க வைப்பது நம் தலைமுறைக்கு வந்த பணி. இதற்குப் பெரிய திட்டமோ பணமோ தேவையில்லை. இன்றிரவு உங்கள் வீட்டில் விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.